"ஏதாவது நல்ல நாவல் சொல்லுங்க" என்று கேட்டால்

யாராவது இப்படிக் கேட்டதும் நாம் செய்வது ஒன்றுதான், தெரிந்த பத்துப் பெயர்களை மடமடவென்று கொட்டிவிடுவோம். கேட்டவரும் சந்தோஷமாகக் குறித்துக்கொள்வார், அப்புறம் பத்தில் ஒன்றைக்கூடத் தொடமாட்டார். ஒரே ஒரு நாவல் சொல்லுங்கள், மிஞ்சிப்போனால் இரண்டு. அதில் எது நன்றாக இருக்கும், எங்கே இழுக்கும், எந்தப் பதிப்பை வாங்க வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். முக்கியமாக அந்த இழுவையை. நமக்குப் பிடித்த புத்தகம் என்றால் அதை மறைத்துவிடுகிறோம், ஆனால் பாதிப் பேர் புத்தகத்தை மூடி வைப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

சொல்வதற்கு முன் ஒரு எதிர்க்கேள்வி கேளுங்கள். "என்ன மாதிரி நாவல் பிடிக்கும்?" என்றால் "எல்லாம் படிப்பேன்" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கடைசியாக முழுசாக முடித்தது எது, பாதியில் வைத்தது எது, ஏன் வைத்தீர்கள் என்று கேளுங்கள். "பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் முடித்தேன், அதே மாதிரி வேணும்" என்பவருக்கும் "ரெண்டாம் பாகத்துல யார் யாருன்னே குழம்பிடுச்சு" என்பவருக்கும் ஒரே புத்தகத்தைச் சொல்ல முடியாது. இரண்டாமவருக்குப் பார்த்திபன் கனவு போதும், சின்னது, ஆட்களும் குறைவு.

திகில் நாவலில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் பயம் வேறு. கண்ணெதிரே ஏதாவது வந்து நின்றால்தான் சிலருக்குப் பயம், ஒன்றுமே வராமல் கதவு மட்டும் தானாகச் சாத்திக்கொண்டால் போதும் சிலருக்கு. இதைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரு சுலபமான வழி உண்டு: புதுமைப்பித்தனின் காஞ்சனையைப் படிக்கச் சொல்வேன். சிறுகதைதான், ஒரு மதியத்துக்குக்கூடத் தாங்காது. முடித்துவிட்டு "அப்போ அவ யாரு, சொல்லவே இல்லையே" என்று கடுப்பானால் அவருக்கு விடை கிடைக்கும் கதை வேண்டும். விடை இல்லாததே நன்றாக இருந்தது என்றால் ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸைத் தாராளமாகச் சொல்லலாம். அதில் எலினார் என்ற பெண்ணின் தனிமைதான் பாதிக் கதை. "பேய் எப்போ வரும்?" என்று கேட்கிறவர் கையில் அதைக் கொடுத்தால் திட்டு நமக்குத்தான்.

பேய் வந்தே ஆக வேண்டும் என்பவருக்கு டிராகுலா. 1897இல் வந்த நாவல், முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி என்றே போகும். முதல் நான்கு அத்தியாயங்களும் ஜொனாதன் ஹார்க்கர் என்ற இளம் வக்கீல் டிராகுலா பிரபுவின் கோட்டைக்குப் போய் எழுதும் நாட்குறிப்பு. சவரம் செய்யும்போது பின்னால் வந்து நிற்கும் பிரபு கண்ணாடியில் தெரியாமல் போவதும், அதே பிரபு ராத்திரியில் கோட்டைச் சுவரில் தலைகீழாகப் பல்லி மாதிரி ஊர்ந்து இறங்குவதும் அதற்குள்ளேயே வந்துவிடும். ஐந்தாம் அத்தியாயத்தைத் திருப்பினால் இங்கிலாந்தில் மினா, லூசி என்ற இரண்டு தோழிகள் கல்யாணப் பேச்சு எழுதிக்கொள்ளும் கடிதங்கள்! நிறைய பேர் கழன்றுகொள்வது இங்கேதான். "லூசிக்கு ஒருவர் மாற்றி ஒருவர் இரத்தம் கொடுக்கும் பகுதி வரை பொறுங்க, மறுபடி பிடிச்சுக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பின்பாதியில் எல்லாரும் கூட்டம் போட்டுப் பேசுவார்கள், மினா அத்தனை குறிப்புகளையும் டைப் அடிப்பாள், ரயில் நேரம் பார்ப்பார்கள், பிரபு தலைகாட்டுவதே அபூர்வம். என்னைக் கேட்டால் அந்த முதல் நான்கு அத்தியாயங்களுக்காகவே மீதியை மன்னித்துவிடலாம்.

திகில் விஷயத்தில் இன்னொன்றையும் கேட்டுவிடுவது நல்லது. எது வந்தால் படிக்க முடியாது? குழந்தைக்கு ஆபத்து, தற்கொலை, வதை, ஏதாவது ஒன்று இருக்கும். அது கதையில் உண்டு என்று மட்டும் சொன்னால் போதும், எங்கே, யாருக்கு என்று சொல்ல வேண்டாம்.

அறிவியல் புனைகதை என்றதும் "எனக்கு சயின்ஸ் வராதுப்பா" என்பார்கள். அவர்களுக்கு சுஜாதாவின் என் இனிய இயந்திரா. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி புத்தகம் படிக்கும், ஓயாமல் பேசும், அதற்காகவே பக்கம் புரளும். ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது என்றால் வெல்ஸின் டைம் மெஷின், 1895. காலப்பயணிக்குப் பெயர்கூடக் கிடையாது, நேராக 8,02,701ஆம் ஆண்டுக்குப் போய் இறங்குவார். அறிவியல் கதையே பிடிக்காது என்பவரிடம் ஆக்டேவியா பட்லரின் கிண்ட்ரெட் நாவலைச் சொல்லிப் பார்க்கலாம். 1976இல் கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு கறுப்பினப் பெண் திடீர் திடீரென்று அடிமைமுறைக் கால மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். எப்படி என்ற விளக்கமே கிடையாது, மெஷின் எங்கே என்று தேடுகிற ஆளுக்கு அது ஆகாது.

ஃபிராங்கன்ஸ்டைன் இதிலும் சேரும், திகிலிலும் சேரும். 1816இல் மேரி ஷெல்லி அதை எழுத ஆரம்பித்தபோது வயது 18, புத்தகம் வெளிவந்தது 1818இல். சினிமாவில் உறுமிக்கொண்டு வருகிற உருவத்தை நினைத்துக்கொண்டுதான் எல்லாரும் எடுப்பார்கள். உள்ளே போனால் முதலில் வடதுருவப் பக்கம் கப்பலில் போகும் ஒருவர் தன் அக்காவுக்கு எழுதும் நான்கு கடிதங்கள் இருக்கும், சோர்ந்துவிடுவார்கள். "நடுவில் அந்த உருவமே தன் கதையைச் சொல்லும், மில்டன் கவிதையெல்லாம் படித்திருக்கும், அது வரைக்கும் போங்க" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் போகிறவர்கள் உண்டு.

பதிப்பு விஷயத்தை யாரும் சொல்வதில்லை, அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜூல்ஸ் வெர்னின் பூமியின் மையத்துக்குப் போகும் நாவலுக்கு 1871இல் வந்த ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு இன்றும் இலவசமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் பேராசிரியரின் பெயரையே ஹார்ட்விக் என்று மாற்றி, கதையிலும் இஷ்டத்துக்குக் கைவைத்திருப்பார்கள். முதல் பக்கத்தில் ஹார்ட்விக் என்று இருந்தால் மூடிவிடச் சொல்லுங்கள், லிடன்பிராக் என்று இருக்கிற பதிப்பைத் தேடட்டும். ஸ்டானிஸ்வாஃப் லெம்மின் சோலாரிஸும் அப்படித்தான். மூலம் போலிஷ், 1961. ஆங்கிலத்தில் ரொம்ப காலம் கிடைத்தது பிரெஞ்சு வழியாக வந்தது, நேரடி மொழிபெயர்ப்பு 2011இல்தான் வந்தது. எதை வாங்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கிளாசிக் நாவலைச் சொல்லும்போது கிளாசிக் என்று மட்டும் சொல்லாதீர்கள். "கட்டாயம் படிக்கணும்", "தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்று" என்றெல்லாம் ஆரம்பித்தால் பரீட்சை ஞாபகம் வந்துவிடும். நான் ஒருவருக்கு அனுப்பியதை அப்படியே தருகிறேன்:

"கமலாம்பாள் சரித்திரம் படிச்சுப் பாருங்க. ராஜம் ஐயர் எழுதியது, 1893லிருந்து தொடராக வந்தது. மதுரைப் பக்கம் ஒரு கிராமம், ஊர் வம்புக்காகவே படிக்கலாம். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளைன்னு ஒரு தமிழ் வாத்தியார் வருவார், சிரிப்பீங்க. கடைசிப் பகுதி வேதாந்தமா ஆயிடும், எனக்கு அங்க கொஞ்சம் ஒட்டல. பழைய நடை, முதல் சில பக்கத்துல பழகிடும்."

இவ்வளவுதான். கதைச்சுருக்கம் இல்லை, புகழாரம் இல்லை.

ஸ்பாய்லர், அதாவது கதையின் ரகசியத்தை முன்பே உடைப்பது, அதைப் பற்றியும் கொஞ்சம். "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு" என்பதே பாதி ஸ்பாய்லர், படிப்பவர் அப்புறம் ட்விஸ்டைத் தேடிக்கொண்டேதான் படிப்பார். சுஜாதாவின் கொலையுதிர் காலத்தைச் சொல்லும்போது பேயா அறிவியலா என்று கணேஷ், வசந்த் என்ற இரண்டு வக்கீல்கள் மல்லுக்கட்டுவார்கள் என்பதோடு நிறுத்திவிடுங்கள். ஜெக்கில் அண்ட் ஹைட் விஷயத்தில் மட்டும் கவலை வேண்டாம். 1886இல் முதலில் படித்தவர்களுக்கு இருந்த அதிர்ச்சி இப்போது யாருக்கும் இருக்கப்போவதில்லை, அட்டையிலேயே ரகசியம் உடைந்துவிடுகிறது. அட்டர்சன் என்ற அந்த வக்கீல் துருவித் துருவிப் போகிற விதத்துக்காகப் படிக்கச் சொல்லலாம்.

சொன்ன பிறகு "படிச்சீங்களா, படிச்சீங்களா" என்று துளைக்காதீர்கள். பிடிக்கவில்லை என்று அவராகவே வந்து சொன்னால் வாதாடவும் வேண்டாம், எந்த இடத்தில் வைத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். டிராகுலாவை அந்தக் கடிதங்களில் வைத்தவருக்கு வேண்டியிருந்தது பேயைவிட அந்தக் கோட்டை, அவருக்கு அடுத்து ஹில் ஹவுஸை முயன்று பார்க்கலாம். கோட்டையிலேயே தூக்கம் வந்தது என்றால் பேய்க்கதையை விட்டுவிட்டு ஜீனோவிடம் அனுப்பிவையுங்கள்.