பூச்சியின் நடையையும் பறத்தலையும் கூர்ந்து பார்ப்பது எப்படி

பூச்சி நகரும் விதத்தை அறிய விரும்புபவர் முதலில் கவனிக்க வேண்டியது அதன் மார்புப் பகுதியைத்தான். ஆறு கால்களும், சிறகுள்ளவற்றில் சிறகுகளும், அங்கிருந்தே கிளம்புகின்றன. உள்ளே எலும்பு கிடையாது. கைட்டின் என்ற உறுதியான பொருள் கலந்த புறச்சட்டகத்தின், அதாவது வெளிக்கூட்டின், உட்பரப்பைப் பற்றியிருக்கும் தசைகளால், மூட்டுகளிலுள்ள மெல்லிய சவ்வு வளைந்துகொடுப்பதால், கால்களை மடக்கவும் நீட்டவும் முடிகிறது.

நடையைப் பார்க்கக் கரப்பான் போன்று வேகமாக ஓடும் பூச்சியே வசதியானது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுக் கீழிருந்து கைபேசியின் ஸ்லோ மோஷனில் படமெடுங்கள். ஒரு பக்கத்தின் முன்னங்காலும் பின்னங்காலும் எதிர்ப்பக்கத்து நடுக்காலும் சேர்ந்து தரையில் ஊன்றியிருக்க, மற்ற மூன்று கால்களும் முன்னோக்கி வீசப்படுவதைக் காணலாம். மெதுவாக நடக்கையில் இவ்வொழுங்கு தளர்ந்து, மூன்றுக்கு மேற்பட்ட கால்கள் ஊன்றியிருக்கும் என்பதால், ஓடும் பகுதியையே தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

வெட்டுக்கிளியிடம் பார்க்க வேண்டியது தாவலை அன்று, அதற்கு முந்தைய கணத்தை. பின்னங்காலின் கணைப்பகுதியை அது தொடையோடு ஒட்ட மடக்கிச் சற்றே நிற்கும். அப்போது தசைகள் மெல்ல இறுகி, முழங்காலருகே உள்ள புறச்சட்டகத்தை வில்லைப் போல வளைத்து ஆற்றலைச் சேமிக்கின்றன. தசையால் மட்டும் அவ்வளவு விரைவாகக் காலை உதைத்துவிட முடியாது.

பறத்தலுக்குத் தட்டானிலிருந்து தொடங்குவது நல்லது. அதன் சிறகுகள் நொடிக்குச் சுமார் 30 முறை அடிப்பதால், நொடிக்கு 240 படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) எடுக்கும் கேமராவில் முன்சிறகும் பின்சிறகும் தனித்தனியே இயங்குவது தெளிவாகப் பதியும்; சிறகின் அடியோடு நேரடியாக இணைந்த தசைகளே அதற்குக் காரணம். நொடிக்கு ஏறத்தாழ 200 முறை சிறகடிக்கும் வீட்டு ஈயை இதே கேமராவில் எடுத்தால் மங்கலே மிஞ்சும். ஈயின் முக்கியப் பறத்தல் தசைகள் சிறகைத் தொடுவதில்லை. மார்புக்கூட்டை மேலும் கீழுமாகவும் முன்னும் பின்னுமாகவும் மாறி மாறி அமுக்கி, அந்த அசைவால் சிறகை அடிக்க வைக்கின்றன. இவ்வளவு விரைவான அசைவு கேமராவில் தெளிவாகப் பிடிபடாது; ஆகவே ஈ உட்கார்ந்திருக்கும்போது, பின்சிறகு இருக்க வேண்டிய இடத்திலுள்ள குமிழ் நுனிக் காம்புகளை உருப்பெருக்கியால் தேடுங்கள். பறக்கும்போது உடல் திரும்புவதை உணர்ந்து நிலைப்படுத்த உதவுபவை இவையே.