வீட்லயே கார் வேலை பாக்க என்னென்ன டூல்ஸ் வாங்கணும், எப்படி பாத்து வாங்கணும் (சேலம், ஏற்காடு பக்கம் இருக்குறவங்களுக்கு)

கார் வேலை கத்துக்கணும்னு ஆசை வந்ததும் நெறைய பேரு மொதல்ல ஆன்லைன்ல நூத்திச்சொச்சம் பீஸ் செட் ஒண்ண ஆர்டர் போட்டுடுறாங்க, தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. அதுல பாதி சைஸ் உங்க வண்டில எங்கயுமே மாட்டாது. என்ன வேலை பண்ணப்போறீங்களோ அதுக்கு மட்டும் நல்ல டூலா வாங்குங்க, மிச்ச காசு ஸ்டெப் 4ல வர்ற ஜாக்கி ஸ்டாண்டுக்கு வேணும்.

ஸ்டெப் 1: வேலைய முடிவு பண்ணுங்க

பேட்டரி கழட்டி மாட்டுறது, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஸ்டெப்னி மாத்துறது, ஆயில் மாத்துறது, இவ்ளோ போதும் ஆரம்பத்துக்கு. ஏற்காடு அடிக்கடி போய் வர்றவங்க பிரேக் பேட் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாக்கவும் கத்துக்கணும், 20 கொண்டை ஊசி வளைவையும் கியர கொறைக்காம பிரேக்க மிதிச்சிட்டே எறங்குனா பேட் சூடாகி சீக்கிரம் தேஞ்சிரும். ஆனா பேட் மாத்துறத மொத தடவ தெரிஞ்ச மெக்கானிக்க பக்கத்துல வச்சுட்டு பண்ணுங்க.

ஸ்டெப் 2: சைஸ் எழுதி வைங்க

இப்ப ஓடுற கார் எல்லாம் எம்எம் சைஸ்தான், பழைய அம்பாசடர் வச்சிருந்தா மட்டும் இன்ச் ஸ்பேனர் தேடணும். 8, 10, 12, 14, 17, 19 இருந்தா பெரும்பாலான வேலை முடிஞ்சிரும். பேட்டரி டெர்மினலுக்கு 10. வீல் நட்டு மாருதில பெரும்பாலும் 19, ஹூண்டாய்ல 21, உங்க வண்டில போட்டு பாத்துக்கங்க.

ஸ்டெப் 3: கடைக்கு நேர்ல போங்க

சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஹார்டுவேர் கடைங்க இருக்கு, காலைல சீக்கிரம் போயிருங்க, அப்புறம் லோடு வண்டிக்கு நடுவுல மாட்டிப்பீங்க. தபாரியா மாதிரி தெரிஞ்ச பிராண்டு கேளுங்க.

சாக்கெட்ட (நட்டு மேல கவுத்து மாட்டுற குழாய் மாதிரி டூல்) கையில வாங்கி உள்ள பாருங்க, ஆறு மூலை இருக்கறதா எடுங்க. பன்னெண்டு மூலை சாக்கெட் நட்டோட முனைய மட்டும்தான் புடிக்கும், துருப்புடிச்ச நட்டுல அழுத்துனா மூலை மழுங்கி வழுக்கும், அப்புறம் அத கழட்டறது பெரும்பாடு. ராட்செட்ட (சாக்கெட்ட மாட்டி திருப்புற கைப்பிடி) மெதுவா சுத்தி பாருங்க, டிக் டிக்னு ஒரே சீரா வரணும், திக்கி நின்னா வேற எடுங்க.

பழைய இரும்பு கடைல ஸ்பேனர் வாங்கறது தப்பில்ல, வாய் விரிஞ்சிருக்கான்னு ஒரு புது போல்ட்ட உள்ள விட்டு ஆட்டி பாத்தா தெரிஞ்சிரும். ஹைட்ராலிக் ஜாக்கிய மட்டும் பழசுல வாங்கவே வாங்காதீங்க.

ஸ்டெப் 4: ஜாக்கி ஸ்டாண்ட்

ஜாக்கில தூக்குன வண்டிய தாங்கி நிக்கற ஸ்டாண்டு இது, இதுல மட்டும் பேரம் பேசி மட்டமானத வாங்கிறாதீங்க. வண்டியோட வர்ற ஜாக்கி டயர் மாத்த மட்டும்தான், அத நம்பி வண்டிக்கு அடில தலைய விடவே கூடாது. 3 டன் ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்குங்க, கம்பிய உள்ள சொருகி பூட்டுற மாதிரி இருந்தா இன்னும் நல்லது. வண்டிய எறக்கி ஸ்டாண்டுல உக்கார வச்சப்புறம் கைல தள்ளி ஆட்டி பாருங்க, அசையாம இருந்தாத்தான் அடில போகணும். ஏற்காட்டுல வீட்டு வாசலே சரிவா இருக்கும், அங்க வண்டிய தூக்கவே வேண்டாம், சமமான சிமெண்ட் தரை இருக்குற எடத்துக்கு ஓட்டிட்டு போங்க. தூக்காத பக்கத்து டயருக்கு முன்னயும் பின்னயும் கல்லு வைங்க, ஹேண்ட் பிரேக்க மட்டும் நம்பாதீங்க.

ஸ்டெப் 5: அப்புறமா வாங்கலாம்

வோல்ட் அளக்குற மல்டிமீட்டர் ஒண்ணு, விலை கம்மிதான். வண்டி ஆஃப்ல ரொம்ப நேரம் நின்னப்புறம் பேட்டரி 12.6 வோல்ட் காட்டுனா ஃபுல், இன்ஜின் ஓடும்போது 14 பக்கம் வந்தா ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணுது. டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு சரியா டைட் பண்ற டூல்) காசு சேந்ததும் வாங்குங்க, எவ்ளோ டைட் பண்ணணும்னு வண்டி கையேட்டுல போட்டிருக்கும். வேலை முடிஞ்சதும் அதுல இருக்கறதுலயே கம்மியான அளவுக்கு எறக்கி வைங்க, இல்லன்னா ஸ்பிரிங் தளர்ந்து தப்பா காட்டும். மலைல பனில சீக்கிரம் துரு ஏறும், அதனால துணில கொஞ்சம் இன்ஜின் ஆயில் நனைச்சு ஒவ்வொரு ஸ்பேனரையும் தொடச்சு டப்பாவுல போடுங்க.