இலவச கட்டுமானப் பயிற்சியில் சேரப் போகிறீர்களா? முதலில் மூலைமட்டம் பழகுங்கள்

சில வாரப் பயிற்சியில் யாரும் முழுக் கொத்தனார் ஆகிவிட முடியாது. கரணை (கலவை பூசும் கரண்டி) பிடிக்கவும், நூல் கட்டவும், சுவர் செங்குத்தா என்று தூக்குக்குண்டு பார்க்கவும் தெரிந்த உதவியாளாக வெளியே வரலாம். அந்தக் கணக்கோடு சேருங்கள்.

படி 1: கேட்டுவிட்டுச் சேருங்கள்

உள்ளூர்வாசிகளுக்கான பயிற்சி என்றால் முகவரிச் சான்றைத்தான் முதலில் கேட்பார்கள், எடுத்து வையுங்கள். பிறகு நீங்கள் கேட்க வேண்டியவை: கருவிகள், ஹெல்மெட், பாதுகாப்பு ஷூ யார் பொறுப்பு? தேர்வுக் கட்டணம் உண்டா? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கையால் வேலை செய்ய விடுவார்கள்? என்னைக் கேட்டால் கடைசிக் கேள்விதான் முக்கியம். பாதிக்கு மேல் வகுப்பறையிலேயே போகிறது என்றால் வேறு இடம் பாருங்கள்.

படி 2: ஒரே ஒரு தொழில்

கொத்து, கம்பி கட்டுதல், சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றப் பலகை, முட்டு அடிப்பது), பிளம்பிங், வயரிங், டைல்ஸ் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டால் எதுவும் கையில் நிற்காது. உங்கள் உடம்பையும் கேட்டு முடிவெடுங்கள். உயரம் என்றால் பயமா? சென்ட்ரிங் வேண்டாம். முழங்கால் வலி இருந்தால் டைல்ஸ் வேலை வதைக்கும்.

படி 3: வீட்டிலேயே 3-4-5

மூலைமட்டம் என்றால் மூலை சரியாக 90 டிகிரியில் இருப்பது. அதை 3, 4, 5 என்ற அளவுகளை வைத்துப் பிடிக்கும் முறை இது. எந்தத் தொழிலுக்குப் போனாலும் வேண்டும். ஒரு டேப், கொஞ்சம் நூல், மூன்று ஆணி போதும்.

தரையில் ஒரு ஆணி அடித்து, நேராக நூல் இழுத்து 4 மீட்டரில் இரண்டாவது ஆணியை அடியுங்கள். முதல் ஆணியிலிருந்தே பக்கவாட்டில் இன்னொரு நூலை இழுத்து 3 மீட்டரில் முடிச்சுப் போடுங்கள். நூலை விறைப்பாகப் பிடித்தபடி மெல்ல நகர்த்துங்கள். முடிச்சுக்கும் இரண்டாவது ஆணிக்கும் இடையே சரியாக 5 மீட்டர் வரும் இடத்தில் மூன்றாவது ஆணி. முதல் ஆணி இருக்கும் மூலை இப்போது 90 டிகிரி. இடம் போதாதா? 60, 80, 100 சென்டிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முக்கோணம் பெரிதாக இருந்தால்தான் பிழை குறையும்.

சின்னப் பிழைதானே என்று விடாதீர்கள். 5 மீட்டருக்குப் பதில் 5.05 வந்தால், 3 மீட்டர் முனை 6 சென்டிமீட்டருக்கு மேல் விலகி நிற்கும். டைல்ஸ் ஒட்டும்போது அது ஓரத்தில் ஆப்பு மாதிரி பல்லிளிக்கும். இதே மாதிரி ஓர் அறையின் நாலு மூலையும் குறித்தபின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்களும் சமம், மூலைவிட்டங்களும் சமம் என்றால் மூலைமட்டம் சரி.

இன்னொன்று: டேப் முனையில் உள்ள கொக்கி லேசாக ஆடும். பழுது என்று நினைத்து ஒட்டிவிடாதீர்கள். கொக்கியின் தடிமன் அளவுக்கு ஆடும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். வெளியே மாட்டி இழுத்தாலும், சுவரில் முட்டி அளந்தாலும் ஒரே அளவு வருவதற்காக.

படி 4: முதல் வாரம்

ஈரச் சிமென்ட் தோலைப் புண்ணாக்கும், அதுவும் உடனே எரியாமல் சில மணி நேரம் கழித்து. கையுறை போடுங்கள், பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் அது காட்டும் மட்டத்தை நம்பாதீர்கள்.

படி 5: வேலைக்கு ஆதாரம்

சான்றிதழோடு நீங்கள் செய்த வேலையின் படங்களும் கையில் இருக்கட்டும். வெறும் சுவரைப் படமெடுக்காமல், ரசமட்டத்தை (ஸ்பிரிட் லெவல்) சுவரோடு சேர்த்து வைத்து, குமிழி நடுவில் நிற்பது தெரியும்படி எடுங்கள்.