தேள் ஈ: வாலைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஜூன் பள்ளி விடுமுறைக்கு இங்கிலாந்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். தோட்டத்து வேலியோரம் சுணைச்செடிப் புதர். அங்கே விளையாடிக்கொண்டிருந்த மகள் ஓடிவந்து, "அம்மா, தேளு பறக்குதும்மா!" என்றாள். நாத்தனாரின் கணவர் உடனே செருப்பைக் கழற்றிவிட்டார். "அண்ணே, அடிச்சிடாதீங்க, அது கொட்டாது" என்று நான் சொல்லியும் அவர் நம்பவில்லை. அவர்மேல் தப்பில்லை. அந்த வாலைப் பார்த்தால் யாருக்குமே கை ஓங்கத்தான் தோன்றும்.

அது தேள் ஈ என்னும் பூச்சி. அதைப் பற்றிப் பலரும் செய்யும் முதல் தவறு, அந்த வாலைக் கொடுக்கு என்று நினைப்பதுதான். உடம்பு ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். மஞ்சளும் கறுப்புமாக, சிறகெல்லாம் புள்ளி. வால்நுனி சிவந்து, உப்பி, தேள் கொடுக்கைப் போலவே முதுகுப் பக்கம் வளைந்திருக்கும். ஆனால் அதில் ஊசியும் இல்லை, விஷமும் இல்லை. அது ஆணின் இனப்பெருக்க உறுப்பு. நுனியில் இருக்கும் இரண்டு கவ்விகள் இணைசேரும்போது பெண்ணைப் பிடித்துக்கொள்ளத்தான். பெண்ணுக்கு அந்த உப்பலே கிடையாது, வால் வெறுமனே கூம்பி முடியும். ஆக, ஆணும் கொட்டாது, பெண்ணும் கொட்டாது.

அடுத்தது, பெயரை நம்புவது. தேளுக்கு எட்டுக் கால், இதற்கு ஆறு. ஈக்கு இரண்டு சிறகு, இதற்கு நான்கு. முகமோ அலகு மாதிரி கீழ்நோக்கி நீண்டிருக்கும். கடித்து மெல்லும் வாய் அதன் நுனியில் இருக்கிறது. மரபணு ஆய்வுகளின்படி இதற்கு நெருங்கிய சொந்தம் நாய், பூனை மேல் குதிக்கும் தெள்ளுப்பூச்சி. தேள் உறவில்லை, தெள்ளு உறவு!

கொடூரமான வேட்டைப் பூச்சி என்று நினைப்பதும் தவறு. இது பெரும்பாலும் செத்த பூச்சிகளைத்தான் தின்னும். அன்று அரை மணிநேரம் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு தண்டுகளுக்கு நடுவே ஒரு சிலந்தி வலை; அதில் நூல் சுற்றிய ஓர் ஈ. தேள் ஈ ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இழைமேல் நடந்துபோய், அலகைத் தாழ்த்தி, சிலந்தி சேர்த்துவைத்த சாப்பாட்டைச் சாவகாசமாகத் தின்றது. மகள் மூச்சே விடவில்லை. எப்போதும் இப்படித் தப்பிவிடாது; சில நேரம் அதே வலையில் சிக்கிச் சிலந்திக்கே இரையாகிவிடும்.

தேள் ஈயின் உறவுப் பூச்சிகளில் தொங்கும் வகை ஒன்றும் உண்டு. கால் நீண்ட அந்தப் பூச்சி முன்னங்காலால் இலையில் தொங்கியபடி பின்னங்காலால் இரையைப் பிடிக்கும். அது உண்மையிலேயே வேட்டைக்காரன், ஆனால் அதற்குத் தேள் வால் கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

ஆண் தேள் ஈ, பெண்ணுக்குப் பரிசு தருவதைக் காதல் கதையாக்குவதும் எனக்கு உறுத்துகிறது. செத்த பூச்சியோ தன் எச்சில் உருண்டையோதான் அந்தப் பரிசு. பெண் அதைத் தின்னும்வரை இணைசேர்க்கை நீடிக்கும். எச்சில் அதிகம் கொடுத்தால் நேரமும் அதிகம். எச்சில் சுரக்க ஆண் நன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். சிலந்தி வலைவரை போய் உயிரைப் பணயம் வைப்பது சும்மா இல்லை. கையில் ஒன்றும் இல்லாத ஆண் சில சமயம் பெண்ணை வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொள்ளும். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். நம் புளோக் நடைபாதை விளக்கடியில் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து "தேள் ஈ" என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள், ஒல்லியாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, சிறகு வெளியே தெரியாமல் இருந்தால் அது தேள் ஈ இல்லை, ஒரு வகை வண்டு. மலாய்க்காரர்கள் செமுட் காயாப் என்பார்கள். இதுவும் கொட்டாது. ஆனால் நசுக்கினால் உள்ளிருக்கும் நச்சுநீர் தோலில் பட்டு, மறுநாள் எரிச்சலும் கொப்புளமும் வரும். கழுத்தில் ஊர்ந்தால் அறையாதீர்கள். ஊதி விடுங்கள், இல்லையென்றால் ஒரு தாளில் ஏற்றி அப்புறப்படுத்துங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம், பிள்ளைகளோடு புக்கிட் தீமா காட்டுக்குப் போகும்போது போத்தல் எடுத்துப் போகாதீர்கள். இயற்கை வனப்பகுதியில் அனுமதியில்லாமல் பூச்சி பிடிப்பது சட்டப்படி குற்றம். கைப்பேசி போதும். மேலிருந்து எடுத்தால் சிறகு மட்டும்தான் தெரியும். பக்கவாட்டில், பூச்சியின் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். அலகும் வாலும் ஒரே படத்தில் விழும்.