கரண்ட் போனாலும் மீட்டிங் கட் ஆகாமல் இருக்க

ஃபைபர் மோடத்துக்கு மட்டும் ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் (கரண்ட் போனதும் தானே மின்சாரம் கொடுக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி) மாட்டிவிடுங்கள். வீட்டிலிருந்து ஆன்லைன் வேலை பார்ப்பவருக்குப் பெரிய இன்வெர்ட்டர் அவசியமில்லை. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, மோடம் இழுப்பதோ பெரும்பாலும் 10 வாட்டுக்குள்தான். யுபிஎஸ் பெட்டியில் பேட்டரி கொள்ளளவு 8800 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது வழக்கமாக 3.7 வோல்ட் கணக்கு (கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்): 8.8-ஐ 3.7-ஆல் பெருக்கினால் சுமார் 32 வாட்-மணி, அதாவது 10 வாட் மோடம் சுமார் மூன்று மணி நேரம் ஓடும். கோபியிலோ பொள்ளாச்சியிலோ மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்தும் நாளுக்கு இது பத்தாது. மோடம் அடாப்டரில் 9 வோல்ட் என்றிருந்தால் 12-ஐச் செருகாதீர்கள், போர்டு கருகிவிடலாம். ஊர் கேபிள்காரர் கம்பத்துப் பெட்டியில் கரண்டில் ஓடும் நெட்வொர்க் ஸ்விட்ச் (இணைப்பை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவி) வைத்திருந்தால், உங்கள் மோடத்தில் விளக்கு எரிந்தும் நெட் வராது. அவரிடம் பேக்கப் உண்டா என்று கேட்டபிறகே வாங்குங்கள்.