மாமல்லபுரம் போகும் வழியில் நாமக்கல்லில் இறங்குங்கள்

கொங்கு நாட்டிலிருந்து விடுமுறைக்கு மாமல்லபுரம் செல்கிறவர்களில் பலர் கடற்கரைக் கோயில் முன் நின்று படம் எடுத்து, அலையில் கால் நனைத்து, மறுநாளே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவ்வூரின் கலையைக் கண்ணாரக் கண்டு வர விரும்புவோர் பயணத்தை நாமக்கல்லில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரில் செல்வோர்க்கு அது பெரிய சுற்றன்று. அங்கிருந்து சேலம், உளுந்தூர்பேட்டை, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்தை அடையலாம்.

நாமக்கல் மலையின் மேற்கே நரசிம்மர் குடைவரைக் கோயிலும் கிழக்கே அரங்கநாதர் குடைவரைக் கோயிலும் உள்ளன. பின்னதை அதன் கல்வெட்டு ‘அதியேந்திர விஷ்ணு கிருகம்’ என்று குறிப்பதால், இவை அதியமான் மரபினர் பணி என்பர். நடை சாத்துவதற்கு முன் காலையிலேயே சென்று, வழிபாடு முடிந்தபின் வராகரையும் உலகளந்த திரிவிக்கிரமரையும் பள்ளிகொண்ட அரங்கநாதரையும் நின்று நிதானமாகப் பாருங்கள். வழிபாட்டிலுள்ள கோயில் என்பதால் கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, திரிவிக்கிரமரின் தூக்கிய திருவடி எவ்வளவு உயரம் செல்கிறது, சூழ நிற்போர் எந்தப் பக்கம் நோக்குகிறார்கள் என்பன போன்றவற்றை வெளியே வந்ததும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டே மாமல்லபுரத்தில் உங்களுக்கு வழிகாட்டி.

அங்கே வராக மண்டபத்தின் இரு பக்கச் சுவர்களில் அதே வராகரும் திரிவிக்கிரமரும் இருக்கிறார்கள். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் ஒரு சுவரில் பள்ளிகொண்ட திருமாலின் பேரமைதியும், எதிர்ச் சுவரில் சிங்கத்தின் மேல் வில்லேந்தி வரும் துர்க்கையின் போர் வேகமும் நேருக்கு நேர் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பார்ப்பதற்கே அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

பெரும்பாறையின் முகத்தில் செதுக்கிய அர்ச்சுனன் தபசு கிழக்கு நோக்கியது. ஆகவே காலை வெயில் விழும்போது பார்க்க வேண்டும். யானையருகே கை உயர்த்தித் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடி எலிகளையும் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும். அடுத்துள்ள கிருஷ்ண மண்டபத்துள் வெளிச்சம் குறைவு. கண் பழகும் வரை பொறுத்திருந்தால், கன்றை நக்கும் பசுவும் அதனடியில் அமர்ந்து பால் கறப்பவரும் தெளிவாகத் தெரிவார்கள். காங்கேயம் மாடுகளைக் கட்டுத்தரையில் கண்டு வளர்ந்தவர்களுக்கு, அந்தச் சிற்பி எத்தனை நாள் மாட்டருகே அமர்ந்திருப்பார் என்பது சொல்லாமலே புரியும். எனக்கு அவ்வூரில் மிகவும் பிடித்த சிற்பம் அதுவே.

பாறையிலேயே செதுக்கிய கோயில்களான ஐந்து ரதங்களுக்கு நுழைவுச்சீட்டு தேவை. ஒவ்வொன்றின் கூரையும் வேறு வேறு என்பதை முதலில் கவனியுங்கள்: திரௌபதி ரதம் வேய்ந்த குடிசை போன்றது, வீமன் ரதம் நீண்ட வண்டிக்கூடு போன்றது, யானையின் பின்புறம் போல வளைந்த சகாதேவன் ரதத்தின் அருகிலேயே ஒரு கல் யானையும் நிற்கிறது. அடுத்து, தருமராஜ ரதத்தின் மேல்தளங்களையும் கீழ்த்தளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே வேலை நிறைவாக இருக்க, கீழே முடியாமல் நிற்பதால், பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வந்தார்கள் என்பது விளங்கும். கட்டடம் கீழிருந்து எழும். இதுவோ மேலிருந்து இறங்கியது. எங்கும் ஒரு கல்லைக் கூட்டி ஒட்டுவதற்கு வழியில்லை. இதனால்தான் முடிக்காத சிற்பங்களைத் தவிர்க்காமல் பார்க்கச் சொல்கிறேன்.

மாலையில் சிற்பக்கூடங்கள் உள்ள தெருக்களில் நடந்து செல்லுங்கள். 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இவ்வூரில்தான் உள்ளது. குமரியில் 2000-இல் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி அக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர். பட்டறையில் விலை கேட்பதற்கு முன், கல் எங்கிருந்து வருகிறது, எந்த உளியை எதற்குப் பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். டிசம்பர், ஜனவரியில் சென்றால் நாட்டிய விழாவையும் காணலாம்.

ஊர் திரும்பிய பின், அவிநாசி அருகேயுள்ள திருமுருகன்பூண்டிக்கு ஒரு நாள் நோட்டுடன் சென்று வாருங்கள். அங்கும் சாலையோரம் உளிச் சத்தம் கேட்கும். மாமல்லபுரத்தில் கேட்ட அதே கேள்விகளை அந்தச் சிற்பிகளிடமும் கேளுங்கள்.