பங்குனியில் கழிமுகப் பறவைகள்

பங்குனி, சித்திரையில் வலசைப் பறவைகள் வடக்கே கிளம்பத் தயாராகும். சேற்றில் இரைதேடும் உள்ளான் போன்ற கரைப்பறவைகளை அடையாளம் காண இதுதான் நல்ல நேரம். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாகத் திரிந்த வளைமூக்கு உள்ளானின் நெஞ்சு செங்கல் நிறமாகும். பொன்னிற உப்புக்கொத்திக்கு வயிறு கறுக்கும்.

புதுச்சேரியில் அரியாங்குப்பம் முகத்துவாரமோ, கடலூரில் கெடிலம் ஆறு கடலில் சேருமிடமோ, ஓதம் ஏறும்போது (கடல்நீர் மட்டம் உயரும்போது) போங்கள். சேறு மூழ்க மூழ்கப் பறவைகள் மேட்டுக்கு ஒதுங்கி அருகில் வரும். நம் கிழக்குக் கரையில் காலை வெயில் கடல் பக்கமிருந்து அடிப்பதால் அங்கே பார்த்தால் எல்லாமே கரும் உருவம்தான். அதனால் காலையில் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு உப்பங்கழியைப் பாருங்கள். கடலோர மணலுக்கு மாலை.

கடற்காகங்களில் பெரும்பாலும் பழுப்புத்தலை வகைதான். சரி, வித்தியாசமானது எப்படித் தெரியும்? ஒன்று மட்டும் பெருத்து, கருந்தலையும் தடித்த மஞ்சள் அலகுமாக நின்றால் அது பல்லாஸ் கடற்காகம். அளவு ஒன்றுபோல இருந்தால் கண்ணைக் கவனியுங்கள்: வளர்ந்த பழுப்புத்தலைக்கு விழி வெளிறியிருக்கும், கருந்தலைக் கடற்காகத்துக்குக் கருவிழி. அப்புறம், பறக்கும்போது ஒரு படம் எடுத்துவிடுங்கள், கொஞ்சம் மங்கலாக வந்தாலும் பரவாயில்லை. இறக்கையின் கறுத்த நுனியில் வெள்ளைத் திட்டு இருந்தால் பழுப்புத்தலையேதான்.